ஒரே நேரத்தில் ஒரே திரை

உஷாராணி சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை உருவி, கன்னையாவின் மூக்குக்கு நேராக நீட்டினார். கிள்ளானில் சலவைக்கடை வைத்திருக்கும் கன்னையாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வாழ்நாளில் முதன்முறையாகக் கார் ஓட்டப் பழகுகிறார். திசைகாட்டி விளக்கைப் போடாமல் தடம் மாறியதே அவர் புரிந்த குற்றம்.

"அண்ணே, சிக்னல் போடாம லேன் மாறினீங்க. இது முதல் வார்னிங் லா. இன்னொரு கார்டு வாங்கினா, இறங்கி அந்த மரத்தடியில அஞ்சு நிமிஷம் நிக்கணும்."

"என் கடைக்கு எதிர்லயா டீச்சர்? கஸ்டமரெல்லாம் பாப்பாங்களே!"

"பாக்கட்டும். மைதானத்துல எல்லாருந்தான் பாக்குறாங்க."

உஷாராணிக்கு வயது ஐம்பத்தேழு. இருபத்து நான்கு ஆண்டுகளாகக் காரோட்டக் கற்றுத்தருகிறார். இடப்பக்க இருக்கையின் அடியில் அவருக்கென ஒரு தடைமிதி உண்டு. அதன்மேல் அவர் கால் பூனையைப் போலப் படுத்திருக்கும். அவருடைய பாடமொழி முழுவதும் கால்பந்துதான். வட்டச்சாலையில் நுழைவோருக்கு, "பந்து எவன் காலுல இருக்கோ அவனுக்குத்தான் வழி" என்பார். இரட்டைக்கோட்டைத் தாண்டினால், "ஆஃப்சைடு!" என்று கத்துவார். பின்னோக்கி வண்டியை நிறுத்தும் பயிற்சியில், "கோலுக்குள்ள போடு, கம்பத்துல அடிக்காத" என்பதைத் தவிர வேறு விளக்கம் தந்ததில்லை. சனிக்கிழமையன்று அவருடைய கடைசி வகுப்பு ஆறரை மணிக்கு முடிந்துவிடும். திங்கட்கிழமையே தேர்வு என்று அழுதவர்களுக்கும் அதில் விலக்கு கிடைத்ததில்லை.

ஆறரைக்கு மேல் அவர் வேறு மனிதர். குளித்து, இரவங்கிக்கு மேலே சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் சம்மணமிட்டு அமர்ந்துவிடுவார். அவர் ஆதரிக்கும் ஆங்கிலேய அணிக்கு உலகறிந்த பெயரொன்று உண்டு. உஷாராணி அதை உச்சரித்து எவரும் கேட்டதில்லை. கணவனின் பெயரைப் பிறரிடம் தயங்காமல் சொல்லும் அவருக்கு, அந்த அணி மட்டும் என்றும் 'நம்ம பையனுங்க'தான்.

கணவர் கமலநாதன் துறைமுகக் கிடங்கில் எழுத்தராக இருந்தவர், சாது. ஆட்டம் தொடங்கியதும் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்.

"நம்ம எந்தக் கலரு?"

"முப்பது வருசமா சிவப்புதாங்க."

"போன வாரம் வெள்ளை போட்டிருந்தானுங்களே?"

வெளியூர் ஆட்டத்துக்கு வேறு சட்டை என்பதை உஷாராணி முப்பது ஆண்டுகளாக விளக்கி வருகிறார். கமலநாதனும் முப்பது ஆண்டுகளாக அதைப் புதிய செய்தியைப்போலக் கேட்டு வியந்து வருகிறார்.

அவர்களுடைய தொலைக்காட்சியின் அடியில் நான்கு தொலையியக்கிகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஒளிபரப்பு உரிமை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போதெல்லாம் அந்த வீட்டில் புதிய பெட்டியொன்று குடியேறும். பழையது வெளியேறாது. ஒரு பெட்டியின்மேல் பூச்சாடி நிற்கிறது. இன்னொன்று ஆடும் மேசைக்கு முட்டுக்கொடுக்கிறது. கூரைமேலுள்ள இரண்டு அலைவாங்கித் தட்டுகளுள் ஒன்றில் மைனாக்கள் குடும்பம் நடத்துகின்றன. "அதுங்களுக்காவது உபயோகமா இருக்கே" என்பார் கமலநாதன்.

இவ்வாண்டு ஆகஸ்டு மாதம், புதிய பருவம் தொடங்கப் பத்து நாள்கள் இருக்கையில், குறுஞ்செய்தி ஒன்று வந்தது. அன்புள்ள வாடிக்கையாளரே என்று தொடங்கியபோதே உஷாராணி நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். உடனே வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தார். தமிழுக்கான எண்ணை அழுத்தியதும் இளைஞர் ஒருவரின் இனிய குரல் வந்தது.

"ஆன்டி, லீக் இனிமே நம்மகிட்ட இல்ல. ரைட்ஸ் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு."

"போயிடுச்சுன்னா? வீட்ட விட்டு ஓடிப்போச்சா?"

"அதுக்குப் பதிலா ஆன்டிக்காக ஸ்பெஷலா மூணு மாசம் மீன்பிடி சேனல் ஃப்ரீயா தரோம்."

"மீன் எப்பய்யா கோல் போடும்?"

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. "ஆன்டி, நானும் சிவப்புதான். எங்க வீட்லயும் இப்ப வராது." சண்டைபிடிக்க அழைத்த உஷாராணி, அதன்பின் பத்து நிமிடம் அந்த இளைஞருக்கு ஆறுதல் கூறிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார்.

புதிய நிறுவனத்திடம் பெட்டியும் இல்லை, தட்டும் இல்லை. எல்லாம் செயலிதான். பந்திங்கில் வாழ்க்கைப்பட்டிருக்கும் மகள் விஷ்ணுப்ரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, தாயின் பெயரில் கணக்குத் திறந்து தந்தாள். கணக்கில் எதை மாற்றினாலும் அதற்குரிய இரகசிய எண் அவளுடைய கைப்பேசிக்கே செல்லுமாறு பதிந்துவிட்டாள். திட்டத்தின் பெயர் 'ஒரே நேரத்தில் ஒரே திரை'. வீட்டில் பார்ப்பவர் ஒருவர்தானே என்று உஷாராணியும் அதையே தேர்ந்தெடுத்தார்.

பிழை அதன்பின்தான் நேர்ந்தது. கடவுச்சொல் சரிதானா என்று மகளிடம் கேட்க எண்ணிய உஷாராணி, அதை மகளுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, 'கிள்ளான் பந்திங் உறவுகள்' என்னும் புலனக்குழுவுக்கு அனுப்பிவிட்டார். மகளின் திருமணத்தின்போது தொடங்கப்பட்ட அந்தக் குழுவில் இருபக்க உறவினரும் முப்பத்தெட்டுப் பேர் இருந்தனர். அரை நிமிடத்தில் அழித்துவிட்டார். செய்தி நீக்கப்பட்டது என்ற தடம் மட்டும் திரையில் நின்றது. எவரும் எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியே அவரை எச்சரித்திருக்க வேண்டும். யாராவது எதையாவது அழித்தால், "என்னாச்சு, என்னாச்சு?" என்று பத்துப் பேராவது துளைத்தெடுக்கும் குழு அது.

செப்டம்பரின் முதல் சனிக்கிழமை, ஏழரை மணி ஆட்டத்துக்காக உஷாராணி செயலியைத் திறந்தார். திரை கறுத்து, ஒரு வாசகம் எழுந்தது: இந்தக் கணக்கு வேறொரு திரையில் பயன்பாட்டில் உள்ளது. பிறகு முயலவும்.

"என்னங்க, என் வீட்டு வாசல்ல என்னையே செருப்போட நிக்க வைக்கிறானே!"

கமலநாதன் எட்டிப்பார்த்து, "நம்ம எந்தக் கலரு?" என்று கேட்டார். "கறுப்பு" என்றார் உஷாராணி.

அன்று தெருமுனை உணவகத்துக்குப் போனார். அங்கே தொலைக்காட்சி உத்தரத்துக்கு அருகில் இருந்தது. மூலையடி எடுக்கும்போதெல்லாம் ரொட்டி போடுபவர் மாவை வீச, அது மிகச்சரியாகக் கோல்கம்பத்தை மறைத்தது. இரண்டு கோல்களும் ரொட்டிக்குப் பின்னால் விழுந்தன. இனி இது வேலைக்காகாது என்று முடிவுசெய்த உஷாராணி துப்பறியத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமையும் திரை கறுத்தது. அவர் முதலில் அழைத்தது காஜாங்கிலிருக்கும் கொழுந்தன் சுகுமாறனை.

"அண்ணி, பூசையில இருக்கேன், அப்புறம் கூப்பிடவா?" என்று கிசுகிசுத்தார் சுகுமாறன். அவருக்குப் பின்னால் ஐம்பதாயிரம் பேர் ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"சாமிக்கு நல்ல கூட்டம் போல தம்பி?"

"அண்ணி... அரை மணி நேரந்தான் மிச்சம் அண்ணி. முடிஞ்சதும் வெளிய வந்துடறேன்."

"இப்பவே வா. ரெட் கார்டு."

சுகுமாறன் வெளியேறினார். உஷாராணி இறுதி அரை மணி நேரத்தைப் பார்த்தார். குற்றவாளி அகப்பட்டுவிட்டான் என்று ஒரு வாரம் நிம்மதியாக இருந்தார். ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமையும் அதே கறுப்புத் திரை. சுகுமாறனை மறுபடி அழைத்தார். இம்முறை அவர் உண்மையாகவே பாசார் மாலாம் என்னும் இரவுச்சந்தையில் நின்றார். பின்னணியில் யாரோ டுரியானைக் கூவி விற்றார்கள்.

கடவுச்சொல்லை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. மகளை அழைத்தார்.

"பிரியா, பாஸ்வேர்ட மாத்தப்போறேன். உன் ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், சொல்லு."

"இப்ப வேணாம்மா."

"ஏன்?"

"கேள்வி கேக்காதம்மா. இந்த வீட்ல சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் யாரும் என்னைக் குறை சொல்றதில்ல. சாம்பார்ல உப்பு கூடன்னு சொல்ல ஆளில்ல. பாப்பாவ நான் என் இஷ்டத்துக்குக் குளிப்பாட்டுறேன். கெடுத்துடாதம்மா, ப்ளீஸ்."

உஷாராணி கைப்பேசியை வைத்துவிட்டு, விரல்விட்டு எண்ணினார். அந்த வீட்டில் நான்கு பேர். மாப்பிள்ளை சிவநேசனுக்குச் சனிக்கிழமை விமான நிலையத்தில் வேலை. பேத்திக்கு எட்டு மாதம். மகளுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்றே தெரியாது. மீதமிருப்பவர் ஒருவரே. உஷாராணி மீண்டும் ஒருமுறை எண்ணிப்பார்த்தார். விடை மாறவில்லை.

சம்பந்தி இராஜம்மா!

இராஜம்மா ஓய்வுபெற்ற தாதி. கோயிலில் வெள்ளிக்கிழமை தேவாரக் குழுவுக்குத் தலைவி. பிள்ளைகளின் திருமண விருந்தில், பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நூறு பேர் கேட்க அவர் சொன்னது உஷாராணிக்கு மறக்கவில்லை: "இருபத்திரண்டு ஆம்பளைங்க அரைக்கால் சட்டையோட ஒரு பந்து பின்னால ஓடுறாங்க. அத பொம்பளைங்க நாம உக்காந்து பாக்கலாமா சம்பந்தி? நல்லாவா இருக்கு?"

நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால், அந்த வீட்டில் வாழும் மகள் பதில்சொல்ல நேரும். கேட்காமலும் இருக்க முடியாது. ஏனெனில் வரும் சனிக்கிழமை சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆட்டம். முதலிரு இடங்களில் நிற்கும் இரண்டு அணிகள். அதை ரொட்டிக்குப் பின்னால் பார்க்க உஷாராணி ஆயத்தமாக இல்லை.

அன்று இருபத்து நான்கு ஆண்டுகளில் முதன்முறையாக மாலை வகுப்பை இரத்துசெய்தார். சிவப்புச் சேலை உடுத்தினார்.

"சண்டைக்கா போற?" என்றார் கமலநாதன்.

"சம்பந்தி வீட்டுக்குப் போறேங்க."

"அதத்தான் கேட்டேன்."

வழியில், ஜெஞ்சாரோமில் வண்டியை நிறுத்தி, சூடாகப் பிசாங் கோரெங் வாங்கினார். பந்திங் வீட்டுக் கூடத்துக்குள் அவர் நுழைந்தபோது மணி ஏழு. தொலைக்காட்சி அணைந்திருந்தது. அதற்கு நேரெதிரே, ஆகாய நீலச் சேலையில், திருநீறு துலங்க, இராஜம்மா அமர்ந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி! சொல்லாம கொள்ளாம... அவசரமா கிளம்பணுமோ?"

"இல்லையே. சாப்பிட்டுட்டே போகலாம்னுதான் வந்தேன்."

இராஜம்மாவின் கண்கள் சுவர்க்கடிகாரத்தைத் தொட்டு மீண்டன. விஷ்ணுப்ரியா சமையலறை வாயிலிலிருந்து தாயைப் பார்த்தாள். தாய் அவளைப் பார்க்கவில்லை. வறுத்த வாழைப்பழத்தைத் தட்டில் கொட்டி, இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"உங்களுக்கு ஏதும் வேலை இருந்தா பாருங்க சம்பந்தி" என்றார் உஷாராணி.

"எனக்கென்ன வேலை. இந்த நேரத்துல தேவாரம் படிப்பேன்."

"படிங்களேன். நானும் கேட்டு நாளாச்சு."

இராஜம்மா இருமினார். "இன்னிக்குத் தொண்டை சரியில்ல."

"சனிக்கிழமையானா எனக்கும் தலைவலி. மூணு வாரமா."

உள்ளே ஒரு கரண்டி விழுந்தது. பிறகு மழையைப் பற்றியும், பேத்தியின் பல்லைப் பற்றியும், பந்திங் சாலைக் குழிகளைப் பற்றியும் பேசினார்கள். பேச்சு நொண்டியது. கடிகார முள் ஏழு இருபத்தைந்தைத் தொட்டது. இராஜம்மாவின் சேலை நுனி அவர் விரல்களுக்கிடையில் கயிறாகத் திரிந்துகொண்டிருந்தது. உஷாராணி மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, அதனிடம் சொல்வதைப்போலச் சொன்னார்.

"பாவம், எங்க கோல்கீப்பர் பையனுக்கு முட்டியில அடியாம். இன்னிக்கு இறங்க மாட்டானாம்."

"யாரு சொன்னா?" என்றார் இராஜம்மா, வெடுக்கென்று. "ஆறரைக்கே லிஸ்ட் வந்தாச்சு. அவன்தான் நிக்கிறான். முட்டியெல்லாம் போன மாசமே சரியாப்போச்சு."

இராஜம்மாவின் கை தட்டுக்கு மேலே, பழத்தைத் தொடாமலும் திரும்பாமலும், அந்தரத்தில் நின்றது. தேவாரக் குழுவின் தலைவி பள்ளிப்பிள்ளையைப்போலத் தரையைப் பார்த்தார்.

கிள்ளானிலிருந்து வரும் வழிநெடுக உஷாராணி மூன்று வாக்கியங்களை ஒத்திகை பார்த்திருந்தார். ஒவ்வொன்றும் கூர்மையானது. ஒன்றையும் அவர் எடுக்கவில்லை. எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தித் தாழிட்டார். தேவாரக் குழுவினர் கடந்துபோகும் தெருப்பக்கச் சன்னலின் திரையை இழுத்துவிட்டார். திரும்பி வந்து, கீழே சுவரில் சாய்ந்து கால்களை நீட்டிக்கொண்டார்.

"போடுங்க சம்பந்தி. ஆரம்பிச்சிடப் போறான்."

திண்டின் அடியிலிருந்து தொலையியக்கி வெளிவந்தது. திரை ஒளிர்ந்தது. நடுவில் 'உஷாராணி' என்ற பெயர் தோன்ற, இராஜம்மா பழகிய விரலால் அதை அழுத்தினார். இரண்டு அணிகளும் வரிசையாக மைதானத்துக்குள் நுழைந்தன. அரங்கம் அதிர்ந்தது. இத்தனை ஆண்டுகளாகக் கமலநாதனோடு தனியாகவே ஆட்டம் பார்த்துவந்த உஷாராணிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. தட்டைச் சம்பந்தியின் பக்கமாக நகர்த்தினார்.

"அத்தனையும் தெரிஞ்சு வச்சிருக்கீங்களே சம்பந்தி. நீங்களும் நம்ம பையனுங்க கட்சின்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"அய்யய்ய" என்றார் இராஜம்மா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல், கோயிலில் பாட்டெடுக்கும் அதே கணீர்க் குரலில். "நான் நீலம்."

உஷாராணி தட்டைத் தம் பக்கம் இழுத்து, மடியில் வைத்துக்கொண்டார்.