பெயருக்கு முன்னால் ஒன்றும் எழுதாதீர்கள்

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த ரூ காய்த் தெருவில் நான் வேலை செய்யும் சேலைக் கடையில், முதல் நாள் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கடை தள்ளியிருக்கும் உணவகத்தின் முதலாளி இடுப்பில் கட்டிய துணியோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "தங்கச்சி, சீலன் விழுந்திட்டான்" என்றார். அங்கே சமைக்கிறவர்தானே, குசினியில் வழுக்கி விழுந்திருப்பார் என்று நினைத்து, ஐஸ் வைத்தீர்களா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கார் து நோர் நிலையத்தில், ஆர்.ஈ.ஆர். டி ரயிலைப் பிடிக்கப் படிக்கட்டில் ஓடியபோது சீலன் அண்ணை விழுந்திருக்கிறார். அவசர உதவிக்காரர் வந்தபோது மூச்சு இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு நினைப்புத்தான் வந்தது. பதினொன்றரைக்கு அவர் மகள் ஆரணியைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிக்கொண்டு போவது? அவர் ஓடியதே அதற்குத்தான். சேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அடுத்த ரயிலில் ஏறினேன். நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. ஒன்பது வயதுப் பிள்ளை, தலைமை ஆசிரியையின் கையைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். அப்பா எங்கே என்று பிரெஞ்சில் கேட்டாள். வேலையில் நிற்கிறார் என்று சொன்னேன். அந்தக் குடும்பத்துக்கு நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதலாவதை இந்தப் பக்கத்தில் எழுதத்தான் போகிறேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலரைத் தயாரிக்கும் பிள்ளைகள் நேற்று எனக்குப் போன் பண்ணினார்கள். "அக்கா, நீங்கள் எழுதினதிலை பேருக்கு முன்னாலை அமரர் விடுபட்டுப்போச்சு, போடட்டோ?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இதைக் கையில் வைத்திருக்கும் நீங்களும் முகத்தைச் சுளிக்காதீர்கள். கடைசி வரை வாசித்துவிட்டு, ஏச வேண்டுமென்றால் என்னை ஏசுங்கள்.

பாரிஸுக்கு வெளியே நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரை எழுதவில்லை. உங்களில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறீர்கள். சில வருடங்களுக்கு முன் கோதுமை வயலாக இருந்த இடத்தில் இன்று ஆறு மாடிக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. வீடு கட்டினவர்கள் பள்ளிக்கூடம் கட்ட மறந்துவிட்டார்கள். விளையாட்டு முற்றத்தில் தகரப் பெட்டி மாதிரி வகுப்பறைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பள்ளிக் கன்ரீனில் இடம் போதவில்லை. உடனே நகரசபை ஒரு விதி போட்டது. தாயும் தகப்பனும் மதிய வேளையில் வேலை செய்வதாகக் கடிதம் தந்தால் மட்டுமே பிள்ளைக்குப் பள்ளியில் சாப்பாடு. மற்றப் பிள்ளைகள் பதினொன்றரைக்கு வீட்டுக்குப் போய், ஒன்றரைக்குத் திரும்ப வேண்டும்.

சீலன் அண்ணையின் மனைவி ரஞ்சி அக்கா பாரிஸில் கம்பனிக் கந்தோர்களைத் துப்புரவாக்குகிறவர். விடியற்காலை ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம். கடதாசியில் பார்த்தால் அவருக்கு மதியம் வேலை இல்லை. இரண்டு வேலைக்கும் நடுவில் அவர் ரயிலில் வந்து, பிள்ளைக்குச் சோறு தீத்திவிட்டு, திரும்ப ஓடவேண்டும் என்பது எந்தக் கடிதத்திலும் இல்லை.

என் கடைசி மகனும் அந்தப் பள்ளிதான். போன வருடம் பெற்றோர் கூட்டத்தில்தான் அண்ணையை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன் அவர் எனக்கு, மத்தியானம் பார்சல் கட்டித் தரும் சமையல்காரர், அவ்வளவுதான். ஒக்டோபரில் பெற்றோர் தங்கள் பிரதிநிதிகளுக்கு வாக்குப் போடுவார்கள், தெரிவானவர்கள் பள்ளிச் சபையில் நகரசபை ஆட்களோடு ஒரே மேசையில் இருந்து பேசலாம் என்று தலைமை ஆசிரியை சொன்னார். அண்ணை என் தோளைத் தட்டி, தன்னிடம் இருப்பது வதிவிட அட்டை மட்டும்தான், தனக்கும் வாக்கு உண்டா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். எந்த நாட்டுக்காரர் என்பது தேவையில்லை, பிள்ளையின் தாய் தகப்பன் என்றால் போதும் என்றார் ஆசிரியை. மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார் மனுஷன்.

யாழ்ப்பாணத்தில் அவருக்கு வாக்குப் போடும் வயது வந்த காலத்தில் ஒன்றில் சண்டை, ஒன்றில் இடப்பெயர்வு, இல்லாவிட்டால் போடாதே என்று யாராவது சொன்னார்கள். இங்கே வந்து இருபத்தைந்து வருடம், குடியுரிமை கிடைக்கவில்லை. ஐம்பது வயதாகியும் வாழ்நாளில் ஒரு வாக்கும் போடாத மனிதர். அன்று வீட்டுக்கு நடந்து போகும்போது என்னிடம் சொன்னார்: "பிரசிடென்ரைத் தெரிய எனக்கு வோட் இல்லை, தங்கச்சி. என்ரை பிள்ளை எங்கை இருந்து சோறு தின்னுறது எண்டதுக்கு இருக்கு. எனக்கு அது காணும்."

அவர், நான், பாண்டிச்சேரிக்காரத் தாய் ஒருவர், மூன்று பேரும் ஒரு பட்டியல் போட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடம் கட்டடமாக ஏறினோம். குசினிக்காரன் சபைக்குப் போகப்போறாராம் என்று முகத்துக்கு நேரே சிரித்தவர்களும் உண்டு. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர் அவர்களுக்கும் தான் பொரித்த ரோல்ஸ் கொடுத்துவிட்டு வந்தார்.

வாக்குப் போடுவது சுலபம். பட்டியல் அச்சடித்த சீட்டை ஒரு வெறும் உறைக்குள் வைத்து, அதை இன்னொரு உறைக்குள் வைத்து, வெளியுறையில் மட்டும் பெயரும் கையெழுத்தும் போட்டுப் பிள்ளையின் பையில் அனுப்பினால் சரி. வெள்ளிக்கிழமை பின்னேரம் எண்ணினோம். எங்கள் பக்கத்துக்கு நான் இருந்தேன். அண்ணை குசினியில். ஐந்தாவதோ ஆறாவதோ சீட்டைப் பிரித்த தலைமை ஆசிரியை, இது என்ன குறி என்று என்னிடம் காட்டினார். தலையில் ஒரு பிள்ளையார் சுழி. எதை எழுதத் தொடங்கினாலும் போடுகிறோமே, அதே சுழி. பிறகு இன்னொன்று. சிலதில் சிலுவை. குறி இருந்தால் யாருடைய சீட்டு என்று அடையாளம் தெரிந்துவிடும், அதனால் செல்லாது என்றார். அவர் மேல் பிழை இல்லை, விதி அப்படி. பதினொரு சீட்டு போயிற்று. ஓர் இடம் கிடைக்க எங்களுக்கு மூன்று வாக்குக் குறைந்தது.

அந்தப் பதினொன்றில் ஒன்று பச்சை மையில் இருந்தது. சுழிக்குக் கீழே இரண்டு கோடு, கடைசியில் ஒரு புள்ளி. உணவகத்தின் குளிர்பெட்டி டப்பாக்களில் திகதி எழுதுகிற பச்சை மை. அவருடைய சாமான் பட்டியல்களின் தலையில் தினமும் நான் பார்த்த சுழி. வாழ்நாளில் முதல் வாக்கு, அதுவும் தனக்கே போட்டது, செல்லாமல் போய்க் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த மனிதருக்குத் தன் கை அடக்கம் இல்லையா என்று நினைத்தேன். நினைத்தது உண்மை, மறைக்க மாட்டேன்.

போன் பண்ணி, பதினொரு சீட்டு செல்லாமல் போனதைச் சொன்னேன். "பிள்ளையாரும் எங்களுக்கு எதிரா நிண்டிட்டாரோ" என்று சிரித்தார். "எங்கடை மூண்டு பேரின்ரை வோட்டும் சரிதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதுதான் முதல் பொய். "சரி, விடு தங்கச்சி. வாற ஒக்டோபர் இருக்குத்தானே" என்றார்.

குளிர்காலத்தில் ரஞ்சி அக்காவுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்தது. மதிய ஓட்டம் அண்ணையின் தலையில் விழுந்தது. விடியவே போய்க் கறிகளை வைத்துவிட்டு, பதினொரு மணிக்கு முந்திய ரயிலைப் பிடித்து வந்து, ஆரணிக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, மறுபடி பாரிஸுக்கு இரவுச் சமையலுக்கு. ஒரு நாளைக்கு நான்கு ரயில். முகம் கறுத்துப்போனதை நாங்கள் எல்லாரும்தான் பார்த்தோம். டொக்டரிடம் போங்கள் என்று சொன்னேன். சபையில் ஒரு கதிரை கிடைக்கட்டும், அதற்குப் பிறகு ஆறுதலாகப் போகிறேன் என்றார்.

அந்த நான்கு ரயிலிலும் அவர் பிரசாரம் செய்தார். பக்கத்தில் எங்கள் ஆள் யார் இருந்தாலும் உணவக பில் கடதாசி ஒன்றை எடுத்து நீட்டி, இப்படி வெள்ளையாக விடவேண்டும் என்று காட்டுவார். "கும்பிடுறதை வாசல்லை நிண்டு கும்பிட்டிட்டு வா. கடதாசியிலை வேண்டாம்." உங்களில் எத்தனை பேர் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அவர் போனது தேர்தலுக்குப் பத்து நாளைக்கு முந்தி. சீட்டுகள் ஏற்கெனவே அச்சாகி வீடுகளுக்குப் போய்விட்டன. முதலாவது பெயர் அவருடையது. மாற்ற நேரமில்லை, அப்படியே இருக்கட்டும் என்றார் தலைமை ஆசிரியை. அந்தக் கிழமை முழுவதும் நான் அறிவித்தல் எழுதினேன். என் கையெழுத்து வடிவு என்று ரூ காயில் ஒவ்வொரு கடைக் கண்ணாடிக்கும் என்னையே எழுதச் சொன்னார்கள். அமரர் குணசீலன், அமரர் குணசீலன் என்று அண்ணையின் முழுப்பெயரை எத்தனை முறை எழுதினேனோ தெரியாது. மலர்வளைய நாடாவிலும் நான்தான். வியாழக்கிழமை தகனம். முடிந்து வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றுவதற்கு முதல், நாளைக்குக் கடைசி நாள் என்று என் மகன் வாக்கு உறையை மேசையில் கொண்டுவந்து வைத்தான். சீட்டை எடுத்தேன், மடித்தேன், ஒட்டினேன். அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை எண்ணும் மேசையில் முதலில் வந்த உறைகளில் ஒன்று அவருடையது. விழுவதற்கு முதல் நாளே ஆரணியின் பையில் அனுப்பியிருக்கிறார். தலைமை ஆசிரியை பெயரைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். பிறகு, கையெழுத்துப் போட்டபோது உயிரோடுதானே இருந்தார் என்று சொல்லி உள்ளுறையைப் பெட்டிக்குள் போட்டார். யாரும் மறுக்கவில்லை.

பெட்டியைத் திறந்து எண்ணினோம். ஒரு பிள்ளையார் சுழி இல்லை. ஒரு சிலுவை இல்லை. பச்சை மை எங்கேயும் இல்லை. எது அவருடைய சீட்டு என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இந்த முறை சரியாகப் போட்டிருக்கிறார், படிப்பித்துவிட்டார் மனுஷன் என்று உள்ளுக்குள் கத்த வேண்டும் போல் இருந்தது. அப்போதுதான் அது வந்தது. பிரெஞ்சு எழுத்தில் அச்சடித்த அவருடைய பெயருக்கு முன்னால், பேனாவால், தமிழில், அமரர்.

இறந்தவரின் பெயரை மொட்டையாக விட உங்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு விளங்குகிறது. ஒன்று, இரண்டு, ஐந்து என்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, செல்லாது என்று நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பதாவதைப் பிரித்தேன். அந்த எழுத்தை எனக்குத் தெரியும். கிழமை முழுவதும் ரூ காய்க் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த அதே எழுத்து. செல்லாது என்றேன். மீதிச் சீட்டுகளை மற்றப் பட்டியல்காரப் பெண்ணின் பக்கம் தள்ளினேன், அவர் எண்ணினார். ஓர் இடம் கிடைக்க எங்களுக்கு ஒரே ஒரு வாக்குக் குறைந்தது.

பச்சைச் சுழியைப் பற்றி அன்றைக்கே அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், அது ஏதோ படிப்பில்லாத சனத்தின் பிழை என்று நாங்கள் நினைத்திருக்க மாட்டோம். உன்ரை கையையும் நம்பாதை, தங்கச்சி என்று அவர் எனக்குச் சொல்லியிருப்பார். அவருக்கு நோகும் என்று மறைத்தேன். பார்க்கப்போனால், என்னை நான் அவரைவிடக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டுதான் மறைத்தேன்.

என்னிடம் இருப்பது மிச்சம் வந்த சீட்டு ஒன்று. அதில் அவர் பெயர் முதலாவதாக, முன்னால் ஒன்றும் இல்லாமல் இருக்கிறது. அவர் சொன்ன 'வாற ஒக்டோபர்' என்ற சொல்லும் இருக்கிறது, ஆனால் அது எனக்கு இனி உதவாது. என் கடைசி மகன் அடுத்த வருடம் நடுநிலைப் பள்ளிக்கு, கொலேஜுக்குப் போகிறான், அந்தப் பள்ளியில் எனக்கு வாக்கும் இல்லை, நிற்கவும் முடியாது. உங்களில் யாராவது நிற்க வேண்டும். ரஞ்சி அக்கா இன்னும் நொண்டிக்கொண்டுதான் அந்த வாசலுக்குப் போகிறார்.

திங்கட்கிழமை மதியம் நானும் அவர்களோடு நின்றேன். அப்பா வென்றாரா என்று ஆரணி பிரெஞ்சில் கேட்டாள். இல்லை, ஒரு வாக்குக் குறைந்துவிட்டது என்றேன். எப்போதும் இல்லாத மாதிரித் தமிழில், யாருடையது என்று கேட்டாள்: "ஆற்றை வோட்?"

தெரியாது என்று சொன்னேன். மூன்றாவது பொய். சனிக்கிழமை வகுப்புக்குப் போய் அவள் இப்போது எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்கிறாள். என்றைக்காவது இந்த மலரை எடுத்து வாசிப்பாள்.

என்னுடையது, ஆரணி.