மரியசெல்வி டீச்சரும் மெத்தை டவுசரும்

மரியசெல்வி டீச்சர் நாற்பத்தாறு வயதில் சைக்கிள் ஏறியதற்குச் சர்க்கரைதான் காரணம் என்று திண்டுக்கல் மேட்டுப்பட்டியில், அவர் தெருவில், பேசிக்கொண்டார்கள். அவரும் மறுக்கவில்லை. உண்மையான காரணம் ஒரு முருங்கைக்காய்க் கட்டு.

ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். திண்டுக்கல்லிலிருந்து பழனி ரோட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே திரும்புவார். ஒரு நாள் சாயங்காலம், பின்னால் நின்றவர் தோளில் வைத்திருந்த முருங்கைக்காய்க் கட்டு டீச்சரின் கொண்டைக்குள் நுழைந்து ஊசியோடும் வலையோடும் சிக்கிக்கொண்டது. கண்டக்டர் பிரித்துப் பார்த்தார். பக்கத்துச் சீட்டு அம்மாள் பிரித்துப் பார்த்தாள். பிரியவில்லை. கட்டுக்குச் சொந்தக்காரர் தன் நிறுத்தம் வந்ததும் இறங்கினார். டீச்சரும் கூடவே இறங்க வேண்டியதாயிற்று. காய்கறி மண்டி வாசலில் ஒரு தராசுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் கொண்டையை விடுவித்தார்கள்.

மறுநாள் காலை, ஓசூருக்கு வேலைக்குப் போன மகன் மாடிப்படிக்குக் கீழே விட்டுப்போயிருந்த கியர் சைக்கிளை அவர் வெளியே இழுத்துத் துடைத்தார்.

அவர் கணவர் ரொனால்டுக்குப் பெயிண்ட் கடை. மத்தியானத்தில் பெயிண்ட் வாங்க யாரும் வரமாட்டார்கள் என்பதால், அந்த நேரத்தில் உலகத்தில் உள்ள எல்லாப் பொருளையும் பற்றிய வீடியோக்களை ரொனால்டு பார்த்துவிடுவார். மனைவி சைக்கிளைத் துடைப்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை நாள் பார்த்ததையெல்லாம் சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

"சைக்கிள்னா சும்மா ஏறி மிதிக்கிறது இல்ல செல்வி. அதுக்குன்னு உடுப்பு இருக்கு. மூணு அடுக்கு. உள்ள இருக்கிறது வேர்வைய இழுக்கணும், நடுவுல இருக்கிறது சூட்டப் பிடிச்சு வைக்கணும், வெளிய இருக்கிறது காத்தத் தடுக்கணும்."

"திண்டுக்கல்லுல எதுக்குங்க சூட்டப் பிடிச்சு வைக்கணும்?"

"அது பொதுவாச் சொல்றது."

ஒரு வாரத்தில் பார்சல்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது ஒரு ஜாக்கெட். பனிமலை ஏறுகிறவர்கள் போடுவது; மைனஸ் பத்து டிகிரி வரைக்கும் தாங்கும் என்று அதன் கழுத்துப் பட்டையில் சீட்டு தொங்கியது. அன்றைக்கு வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டு டீச்சர் ஹாலில் இரண்டு சுற்று நடந்தார். மூன்றாவது சுற்றில் சோபாவில் சாய்ந்து மோர் கேட்டார். "நல்லா வேலை செய்யுது," என்று ரொனால்டு திருப்திப்பட்டார்.

ஜாக்கெட் பீரோவுக்குள் போனது. மற்றவை நிலைத்துவிட்டன: ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, வெயில் படாமல் கையில் மாட்டும் உறை, மூக்கு வரை ஏறும் துணி, லாரிக்காரர்கள் கண்ணுக்குப் படவேண்டும் என்று எலுமிச்சை நிறத்தில் வெள்ளிப் பட்டை வைத்த ஒரு மேல்சட்டை. சேலை முதுகுப் பைக்குள் இருக்கும். பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்ததும் ஆய்வகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, எலும்புக்கூட்டுப் படத்தின் முன்னால் உடுத்திக்கொள்வார்.

இந்தக் கோலத்தில் முதல் நாள் போனபோது, ரெட்டியார்சத்திரம் தாண்டிய இடத்தில் ஒரு புளிய மரத்தடியில் தண்ணீர் குடிக்க நின்றார். தோட்டத்துக்குள்ளிருந்து மண்வெட்டியோடு ஒருவர் வேகமாக வந்தார்.

"ஏம்மா, ரோட்ட எந்தப் பக்கம் அகலப்படுத்தப் போறீக?"

"நானா?"

"தெரியாத மாதிரி பேசாதீக. போன மாசமும் இதே சட்டையப் போட்டுட்டு ரெண்டு பேரு வந்து கல்லு நட்டுட்டுப் போனாங்க. எங் கெணத்துக்கு எம்புட்டுத் தள்ளி வருது, அத மட்டும் சொல்லிருங்க."

டீச்சருக்கு ஆளைத் தெரிந்தது. எட்டாம் வகுப்பு அறிவுச்செல்வியின் அப்பா சடையாண்டி. மூக்குத் துணியைக் கீழே இறக்கினார்.

"அண்ணே, நான் கணக்கு டீச்சர். ஒங்க மக வீட்டுப்பாடம் எழுதாம வாரா. அதக் கொஞ்சம் கேளுங்க."

சடையாண்டி மண்வெட்டியைக் கீழே வைத்துக் கும்பிட்டார். ஆனாலும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. டீச்சர் சைக்கிள் மிதித்துப் போவதை, கல் எதுவும் நடுகிறாரா என்று கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

உடுப்பையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது சீட். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சீட்டைச் செய்து அதில் மனுசன் உட்காரவேண்டும் என்று நினைத்தவன் யாரென்று டீச்சருக்கு விளங்கவில்லை. இரண்டாவது வாரம் வகுப்பில் நாற்காலியில் உட்காருவதையே விட்டுவிட்டார். நின்றுகொண்டே நோட்டுத் திருத்தினார். டீச்சர் இப்போது ரொம்பக் கண்டிப்பு என்று பிள்ளைகள் பயந்தார்கள்.

மெத்தை வைத்த சைக்கிள் டவுசர் என்று ஒன்று உண்டு என ரொனால்டு கண்டுபிடித்துச் சொன்னார். டவுனில் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் டீச்சர் கேட்டார். கடைப் பையன் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "அண்ணனுக்கு எந்த சைஸு ஆன்ட்டி?" என்றான். தனக்குத்தான் என்று சொன்னதும் உள்ளே போனவன், பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆகிற மாதிரி ஒன்றை ரோஸ் நிறத்தில் கொண்டுவந்து நீட்டினான். "லேடீஸ்ல இது மட்டுந்தான் வருது."

டீச்சர் வெளியே வந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேகம்பூருக்குப் போனார். அங்கே அஸ்பாக், பைக்குகளுக்கு சீட் கவர் தைக்கிறவர். அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் டீச்சரிடம் டியூஷன் படித்தவர்கள்.

அஸ்பாக் சீட்டை அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இதுல போம் பஞ்சு வச்சா கவர் நிக்காது டீச்சர். வழுக்கிட்டு வந்துரும். சீட்டு ரொம்ப ஒல்லி."

"அப்ப என்னதான் செய்யிறது?"

"சீட்டுல நிக்கலைன்னா உக்கார்ற ஆளுகிட்ட நிக்கும்ல," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து, மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தார். டீச்சர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அது சரியாகத்தான் பட்டது.

அளவெடுக்க, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி ஜெய்தூன் பீவி வந்தார். டேப்பைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் அளவு இரண்டு தடவை மாறிப்போனது. "நானுந்தான் கல்யாணத்துக்கு முன்னாடி சைக்கிள் ஓட்டுனேன் டீச்சர். அப்பல்லாம் வலிச்சதா ஞாபகமே இல்ல," என்றார்.

மூன்று நாளில் டவுசர் தயார். இழுத்தால் நீளும் கறுப்புத் துணியில், உட்காரும் இடத்தில், புல்லட்டுக்கு வைக்கிற கெட்டி போம். போட்டுக்கொண்டு நின்றால், உட்காராமலே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. டீச்சர் அறையிலிருந்து வாத்து மாதிரி நடந்து வந்தார். ரொனால்டு சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். "நடக்கிறதுக்கா தச்சது? உக்கார்றதுக்குத்தான," என்றார்.

உட்கார்ந்தால் அது சொர்க்கம். வேகத்தடை வந்ததே தெரியவில்லை. மேலே நீளமான குர்தாவைப் போட்டு மறைத்துக்கொண்டு இரண்டு மாதம் ராணி மாதிரி பள்ளிக்கூடம் போய்வந்தார். அந்தத் தெம்பில்தான், ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்கு சைக்கிளில் ஏறுகிறோம், நீங்களும் வாங்க என்று பல் டாக்டர் செழியன் கூப்பிட்டபோது, சரி என்று சொல்லிவிட்டார். செழியன் ஊரில் இருபது முப்பது பேரைச் சேர்த்து ஒரு சைக்கிள் குழு நடத்திவந்தார். எல்லாரும் ஆண்கள்.

ரொனால்டு பீரோவைத் திறந்தார். "மலைங்கிற. இப்பத்தான் இந்த ஜாக்கெட்டுக்கு வேலை வந்துருக்கு."

விடிந்தும் விடியாமலும் கிளம்பினார்கள். குழுவில் எல்லாரும் தோலோடு ஒட்டின வழவழப்பு உடுப்பில், மீன் மாதிரி இருந்தார்கள். டீச்சர் மட்டும் போர்வை விற்கப் போகிறவர் மாதிரி இருந்தார். செக்போஸ்ட் தாண்டி ஏற்றம் தொடங்கியது. இரண்டாவது கொண்டை ஊசி வளைவுக்குள் ஜாக்கெட்டுக்குள்ளே வேர்வை ஆறாக ஓடியது. கழற்றிப் பின்னால் கட்டிக்கொண்டார். மீன்கள் ஒவ்வொன்றாக முந்திப் போய்விட்டன. டீச்சர் சின்ன கியரில் போட்டு, நடக்கிறவனும் முந்துகிற வேகத்தில், ஆனால் நிற்காமல் மிதித்தார்.

பாதி மலையில் மழை பிடித்தது. சாரல் இல்லை, வாளியால் ஊற்றுகிற மழை. முதலில் டீச்சருக்குச் சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் சைக்கிள் கனத்தது. ஏற்றம் கூடிவிட்டது என்று நினைத்தார். இன்னும் கனத்தது. டயரைப் பார்த்தார், காற்று இருந்தது. மேலே ஒரு டீக்கடை தெரிந்தது. முந்திப் போனவர்கள் எல்லாரும் அங்கே தகரக் கூரைக்கு அடியில் ஒதுங்கி நின்றார்கள்.

டீச்சர் இறங்கினார். இறங்கியதும்தான் கனம் சைக்கிளில் இல்லை, தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்தது. அஸ்பாக் வைத்த போம், பாதிச் சிறுமலை மழையைக் குடித்து வைத்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு குடம் தளும்பியது.

"உக்காருங்க டீச்சர்," என்று செழியன் மரியாதையாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் கால் ஓய்ந்து உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தை அங்கிருந்த யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. நாற்காலியின் நாலு காலிலும் தண்ணீர் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. படி இறங்கி, டீக்கடை நாயின் அடியில் போனது. நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது. பத்துப் பதினைந்து ஆண்கள் டீ கிளாசுக்குள் எதையோ தேடினார்கள்.

முதலில் சிரித்தது டீச்சர்தான். அடக்கிப் பார்த்தார், குலுங்கக் குலுங்க இன்னும் தண்ணீர் வந்தது. அதைக் கண்டு செழியன் உடைந்தார். பிறகு கடையே சிரித்தது. செழியன் தன்னுடைய வெளிநாட்டு மழைக்கோட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பனியனைப் பிழியலாம். "தண்ணி உள்ள வராதுன்னு சொன்னான் டீச்சர். உள்ள இருக்கிறது வெளிய போகாதுங்கிறத அவன் சொல்லல."

டீக்கடை நடத்திய பேச்சாயி டீச்சரைப் பின்பக்கம் கூட்டிப்போய், மாற்றிக்கொள்ளத் தன் நைட்டி ஒன்றைக் கொடுத்து, வெங்காயம் நறுக்கும் கத்தியையும் கொடுத்தாள். டீச்சர் டவுசரின் தையலைப் பிரித்து போமை வெளியே எடுத்தார். வெட்டிய தர்ப்பூசணி மாதிரி இருந்தது. பேச்சாயி அதைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, தயங்கிக் கேட்டாள்.

"தூரப் போடத்தான போறீக? எங்க வீட்டுக்காரருக்கு மூலம். பெஞ்சுல போட்டு உக்காருவாரு."

"வச்சுக்கம்மா," என்றார் டீச்சர். பிரித்த டவுசரை நாலு ஊக்கு குத்திச் சேர்த்துப் போட்டுக்கொண்டார்.

மழை விட்டது. மற்றவர்கள் அங்கிருந்தே திரும்பிவிடலாம் என்று பேசிக்கொண்டார்கள். டீச்சர் சைக்கிளைத் திருப்பவில்லை. "இம்புட்டுத் தூரம் நனைஞ்சாச்சு. இனிமே நனையிறதுக்கு என்ன இருக்கு," என்று மேலே மிதித்தார். அவர் போன பிறகு எப்படித் திரும்புவது? மீன்கள் எல்லாம் அவர் பின்னால் ஏறின.

உச்சியில் மேகம் விலகி, வாழைத் தோட்டங்களுக்கு அப்பால் சமவெளி தெரிந்தது. சீட் மறுபடி அதன் வேலையைக் காட்டியிருந்தது. ஆனால் இரண்டு மாதத்தில் உடம்பு அவருக்குத் தெரியாமல் அதற்குப் பழகிப்போயிருந்தது. முன்பு போல உயிர் போகவில்லை. டீச்சருக்குத் தன் மீதே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. இருபத்து மூன்று வருடமாகத் தினமும் பஸ்ஸில் நின்றபடி, ஜன்னல் வழியாகத் தூரத்தில் நீல நிறத்தில் பார்த்த மலை இது. வேனில் மூன்று தடவை வந்திருக்கிறார். மூன்று தடவையும் வாந்தி. இப்போது பச்சையாக, ஈர மண் வாசனையோடு காலடியில் இருந்தது. போனை எடுத்தார். படம் எடுப்பதற்குள் ரொனால்டே கூப்பிட்டுவிட்டார்.

"செல்வி, ஜாக்கெட் எப்படி?"

"பத்திரமா இருக்கு. சைக்கிள்ல கட்டிருக்கேன்."

"குளிரலையா?"

"குளிருது. நல்லா இருக்குங்க," என்றார்.

அதற்குப் பிறகு டீச்சர் உடுப்பைப் பற்றி யாரையும் யோசனை கேட்கவில்லை. இப்போது போடுவது சாதாரணப் பருத்தி சுடிதார். அஸ்பாக் குற்ற உணர்ச்சியில் தைத்துக்கொடுத்த, விரல் கனத்துக்கு மெத்தை வைத்த, ஈரம் உடனே காயும் உள்டவுசர். எலுமிச்சை நிற மேல்சட்டை. அந்த மேல்சட்டையை மட்டும் அவரால் விட முடியவில்லை. லாரிகள் ஒதுங்குகின்றன. வழியில் இரண்டு மூன்று பேர் இன்னும் ரோடு எப்போது வரும் என்று கேட்கிறார்கள். அவரும் விசாரித்துச் சொல்கிறேன் என்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை குழு சின்னாளப்பட்டி வரைக்கும் போய்வரக் கிளம்பியது. பேகம்பூர் முனையில் டீச்சர் பிரேக் பிடித்தார். அஸ்பாக் ஒரு பழைய சைக்கிளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நின்றார். சைக்கிளில் ஜெய்தூன் பீவி. பர்தா சங்கிலியில் மாட்டாமல் இருக்க, துணி காயப்போடும் கிளிப்பை அடியில் வரிசையாக மாட்டியிருந்தார், சிவப்பும் நீலமுமாக.

"விட்டுறவா?" என்று கேட்டார் அஸ்பாக்.

"எப்பவோ விட்டுருக்கணும்," என்றார் ஜெய்தூன் பீவி, ஒரு காலைத் தரையிலிருந்து எடுத்தபடி.