செம்பருத்தி என்று பறித்த இலை

பள்ளி வேன் ஓட்டியதால் தெருவில் எல்லோருக்கும் அவள் வேன்அக்கா. கணவன் இறந்ததும், கல்யாணமே செய்துகொள்ளாத தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அண்ணனுக்குப் பின்பக்கத் தோட்டமும் அதில் திரிந்த ஆமையும்தான் பிள்ளைகுட்டி. ஆமைக்கு எதைக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தால் ஓயமாட்டார்.

“செம்பருத்தி இலையும் பூவும் தாராளமா குடு. சப்பாத்திக்கள்ளிய முள்ளு சீவிட்டுக் குடு. ரோஜா இதழ், புல்லு ஒண்ணும் பண்ணாது. அரளியும் நித்தியகல்யாணியும் மட்டும் அது வாய்க்கு எட்டக்கூடாது. ரெண்டும் விஷம்.”

“எனக்கு எதுக்குப் பாடம்? நானா ஆமை?” என்பாள்.

அந்த மழைக்காலத்தில் ஆமை தின்பதை நிறுத்தியது. வாயோரம் எச்சில் வழிந்தது. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய்ப் படுத்தது.

அவளுக்கும் உடம்பு சரியில்லை. காலையில் குமட்டியது. எதிரே வரும் வண்டிகளின் விளக்கைச் சுற்றி மஞ்சளாக வளையம் தெரிந்தது. ஒருமுறை, பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, பிரேக்கை மிதிக்கப் போன கால் சற்றுத் தாமதித்தது. வயசாகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

ஆமையை ஒரு துணிப்பையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். அவர் அதன் உடம்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார்.

“இதயம் ரொம்ப மெதுவா துடிக்குதும்மா. வீட்ல அரளி இருக்கா?”

“இருக்கு. ஆனா அண்ணன் அதைக் கிட்டவே விடமாட்டாரே.”

“தீனி யாரு போடுறா?”

“அவர் மட்டும்தான்.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

வீடு திரும்பியபோது அண்ணன் தோட்டத்தில் நின்றிருந்தார். கையில் நீளமான, தடித்த இலைகள்.

“என்னண்ணா இது?”

“செம்பருத்தி. இதுகூடவா தெரியல?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் கள்ளமே இல்லை. அவர் சட்டைப்பையில் சிவப்பு இதழ்கள் எட்டிப் பார்த்தன.

“அது எதுக்கு?”

“உனக்கு டீ போடத்தான். காலைல குடிச்சிட்டுத்தானே வண்டி எடுக்கிற?”

அவள் வேன் சாவியைத் தொடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அவர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே நாடி பிடித்த நர்ஸின் முகம் மாறியதைப் பார்த்தாள்.

“அரளி விஷம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிருக்கு, அதனால தப்பிச்சீங்க. இப்படியே விட்டிருந்தா...” என்றார் டாக்டர்.

அவள் பிழைத்து வீடு வந்தாள். ஆமை பிழைக்கவில்லை. அண்ணனின் மூளை நினைவுகளைக் குழப்பத் தொடங்கிவிட்டது, இனி அது கூடத்தான் செய்யும் என்றார்கள் அவரைப் பரிசோதித்த டாக்டர்கள்.

“நான் உனக்கு நல்லதுதானே பண்ணேன்?” என்று அவர் கேட்டார்.

“ஆமாண்ணா,” என்றாள்.

அரளியை வேரோடு பிடுங்கி எறிந்தாள். வேன் வேலையை விட்டாள். சமையலறைக்குள் அவரை விடுவதில்லை. இருந்தாலும் சாயங்காலமானால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அவள் பின்னாலேயே போகிறாள். ஒவ்வொரு வீட்டு மதிலருகேயும் அவர் நடை தளர்கிறது, கை தானாக உயர்கிறது. எந்த வீட்டில் என்ன செடி என்று அவள் முன்பெல்லாம் கவனித்ததே இல்லை. தெரு முழுக்க அரளி.