ஜீப்பில் பரமேஸ்வரியின் இடம்

செய்தி வந்தபோது நான் மலையேறும் பஸ்ஸில் இருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளில் செல்போன் எடுப்பதே அபூர்வம். அன்றைக்குப் பார்த்து எடுத்தது. எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர் ராசு. "பரமேஸ் மேடம் போயிட்டாங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுருச்சுங்க" என்று சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். பிறகு அலுவலக வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால், கும்பிடும் கைகளுக்கு நடுவே ஒருவர் கேட்டிருக்கிறார்: "இனி பொறுப்பு யாருக்கு?" அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. ஆகவே இந்த அஞ்சலியில் கண்ணீரை எதிர்பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பரமேஸ்வரி வளப்பூர் நாட்டுக்காரர்; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு. வீட்டில் மிளகும் மரவள்ளியும். நான் அடிவாரத்து விவசாயக் குடும்பம். இருவரும் மலையில் உள்ள மிளகு விவசாயிகள் சங்கத்தில் ஒரே நாளில் எழுத்தராகச் சேர்ந்தோம். சேர்ந்த புதிதிலேயே, டீ குடிக்கும் இடத்தில், "ஒரு நாள் நான் இங்க பொது மேலாளரா உக்காருவேனுங்க" என்றார். சுற்றி நின்ற ஆண்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் போண்டாவைச் சாப்பிட்டு முடித்தார்.

எங்கள் நிர்வாகக் குழு நாமக்கல்லில் கூடும். தலைவரும் மேலாளர்களும் ஜீப்பில் இறங்குவார்கள், மற்றவர்கள் பஸ்ஸில். யாருக்குப் பதவி உயர்வு, யாரைத் தூக்கி எங்கே போடுவது என்பதெல்லாம் அடிவாரம் வருவதற்குள் ஜீப்பிலேயே முடிவாகிவிடும். உதவி மேலாளர் ஆன அன்றே பரமேஸ்வரி ஜீப்பில் ஏறினார். ஒரே சங்கடம், அவருக்கு வளைவுகள் ஒத்துக்கொள்ளாது. பஸ்ஸில் ஜன்னலோரம் என்றால் சமாளிப்பார். ஜீப்பின் பின் இருக்கையில் குடலே வெளியே வந்துவிடும். தலைவருக்கு இது நல்ல சாக்கு.

"உங்களுக்குத்தான் சேராதேம்மா, பஸ்லயே வாங்களேன்."

"வாந்தி எனக்குத்தானுங்க வருது, உங்களுக்கென்ன சிரமம்? நான் இதுலயே வாரேன்."

எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். முடியாதபோது வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்குவார். வாந்தியெடுத்து, வாய் கொப்பளித்து, திரும்ப ஏறி, "ம், எங்க விட்டீங்க?" என்று கேட்பாராம். ராசு இதை எத்தனை முறை சொன்னாலும் நான் சிரித்திருக்கிறேன்.

எனக்கு வாந்தி வராது, பின்னால் நானும் உதவி மேலாளர் ஆனேன். ஆனாலும் அந்த ஜீப் பேச்சே வேண்டாம் என்று நான் பஸ்ஸில் போவேன். அதற்காக அவர் என்னைத் திட்டாத மாதமில்லை. "மீட்டிங்குல நடக்கறது வெறும் படையல், சாமி. சமையல் ஜீப்புலயே முடிஞ்சுருது. நீ வந்து வாழையெல முன்னால உக்காந்து என்ன பிரயோசனம்?"

பலா காய்க்கும் காலத்தில் மேலாளர்கள் தலைவர் வீட்டுக்குப் பழம் கொண்டுபோவார்கள். பரமேஸ்வரியும் தோட்டத்திலேயே பெரிய பழமாகப் பார்த்துக் கொண்டுபோனார். நான் கோபித்தேன். உனக்குமா இந்தப் பிழைப்பு என்று கேட்டேன். "அவங்க தூக்கிட்டுப் போனா மரியாதை, நான் தூக்கிட்டுப் போனா பதவி ஆசையா? ஆசைதான். இருக்கக்கூடாதா?" என்று எரிந்து விழுந்தார்.

ஒரு மழை வருடம். மிளகில் ஈரம் அதிகம் என்று வியாபாரிகள் லாரியோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். திண்ணனூர் நாட்டில் குடிசை குடிசையாக நடந்து, மிளகைத் திரும்பக் காயவைத்து வாங்கி, சரக்கை விற்றுக் கொடுத்தவர் பரமேஸ்வரி. அடுத்த கூட்டத்தில் இன்னொரு மேலாளர் எழுந்து, "நாங்க ராப்பகலா பாடுபட்டோம்" என்று ஆரம்பித்தார். பரமேஸ்வரி தலையை நிமிர்த்தி, "நாங்கன்னா யாருங்க?" என்று கேட்டார். சண்டைக்கான குரலில்லை, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான். அந்த மனிதர் உட்கார்ந்துவிட்டார்.

பொது மேலாளர் ஓய்வு பெற்றதும் நாற்காலி பரமேஸ்வரிக்கே வந்தது. ஆனால் பதவியாக அல்ல, "பொறுப்பு" என்று. வேலை முழுதும் அவருடையது, கையெழுத்து அவருடையது, ஏச்சும் அவருடையது. நிரந்தரமாக்கும் பேச்சு வரும்போதெல்லாம் "அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்." பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் போயே போய்விட்டார்.

இரங்கல் கூட்டத்தில் கட்டிய பேனரைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முன்னாள் பொது மேலாளர்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உயிரோடு இருந்தவரை எடுக்க மனம் வராத "பொறுப்பு" என்ற சொல்லை, செத்த பிறகு தாராளமாக எடுத்துவிட்டார்கள். தலைவர் குரல் தழுதழுக்க, "பதவிக்கே ஆசைப்படாத உத்தமி" என்றார்.

நான் எழுந்துவிட்டேன். "ஆசைப்பட்டாங்க. உங்ககிட்டயே கேட்டாங்க. நீங்கதான் குடுக்கலீங்க."

யாரோ டீ கொண்டுவந்தார்கள்.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு. நான் போய் ஜீப்பின் பின் இருக்கையில், பரமேஸ்வரியின் இடத்தில் உட்கார்ந்தேன். தலைவர் திரும்பிப் பார்த்தார். "நீங்க பஸ்லதான வருவீங்க?"

"இனிமே இதுலயே வாரேனுங்க."

ராசு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். முதல் வளைவு திரும்பியதும் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "பொது மேலாளர் பொறுப்ப யாருக்குக் குடுக்கறதுன்னு நாங்க ஒரு முடிவுக்கு வந்துட்டம்."

பரமேஸ்வரி எனக்கென்று விட்டுப் போனது ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்டேன்.

"நாங்கன்னா யாருங்க?"

அடிவாரம் வர இன்னும் நிறைய வளைவுகள் இருந்தன. "எனக்கும் ஆசை இருக்குதுங்க," என்றேன். "பொறுப்பு வேண்டாம். பதவி."