வாய் நெளிஞ்ச குண்டான்

எங்க வீட்டுல சோறு வடிக்கிறது ஒரு பித்தள குண்டான்ல. வெளிய பித்தள, உள்ள ஈயம் பூசியிருக்கும். ரெண்டு பேருக்கு அது ஜாஸ்திதான். ஏழு பேரு இருந்த வீட்டுக்கு வாங்குனது. ஒவ்வொருத்தரா கொறஞ்சு நானும் எம் பொஞ்சாதியும்னு நின்னப்புறமும் அவ குண்டான மாத்தல. அரிசிய மட்டும் கம்மி பண்ணிக்கிட்டா.

அதோட வாய் ஒரு எடத்துல உள்பக்கமா நெளிஞ்சிருக்கும். நெளிச்சது நான்தான். அப்ப வாடக வீடு. கார்த்திக தீபத்துக்கு வெளியூரு சனம் வந்து எறங்குனா, வீட்டுக்காரரு எங்க ரூமயும் அவங்களுக்கு விட்டுடுவாரு. அந்த நாலு நாளும் நாங்க சட்டி பானயோட மொட்ட மாடிக்குப் போயிடணும். அதுல ஒண்ணும் வருத்தம் இல்ல. மாடியில உக்காந்த எடத்துலயே மல உச்சியில தீபம் தெரியும். கீழ காசு குடுத்துத் தங்குனவங்கதான் கழுத்த ஒடிச்சிக்கிட்டுப் பாப்பாங்க. என்னமோ சொல்ல வந்தேன். ஆங், குண்டான். நான் அப்ப மண்டியில மூட்ட தூக்குறவன். அன்னிக்கு ரெண்டு லாரி மல்லாட்ட மூட்ட, வேர்க்கடலதான், எறக்கிட்டு வந்த ஒடம்பு. குண்டானத் தூக்கிக்கிட்டுப் படியேறுறப்ப கை வுட்டுடுச்சு. படிப்படியா உருண்டு போயி தண்ணித் தொட்டியில மோதி நின்னுது.

அவ மேல இருந்து எட்டிப் பாத்தா. "மூட்டய மட்டும் கீழ வுடாம தூக்குறியே, அது எப்பிடியா"ன்னா.

அந்த நெளிசலோடயே இத்தன வருசம் ஓடிச்சு.

அவளுக்கு சக்கர வியாதி. அது கண்ணத் தின்னுடுச்சு. ஒரு கண்ணு சுத்தமா போச்சு. இன்னொண்ணுல வெளிச்சம் தெரியும், எதுக்க ஆளு வந்தா நிழலாட்டம் தெரியும். இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க டாக்டருங்க. ஆனா அடுப்பங்கரய அவ விடல. ஒல கொதிக்கிற சத்தத்த வச்சு அரிசி போடுவா. ஒரு பருக்கய எடுத்து வெரலால நசுக்கிப் பதம் பாப்பா. மொளகாத்தூளு டப்பாவயும் மஞ்சத்தூளு டப்பாவயும் நான் ஒரு தடவ எடம் மாத்தி வச்சிட்டேன். அதுக்கு ஒரு வாரம் திட்டு வாங்குனேன். மவன் வேங்கிக்கால்ல வீடு கட்டியிருக்கான், ஆபீஸ் ஜீப்பு ஓட்டறான். வாரம் ஒருக்கா வந்து, அங்க வந்துடுங்கன்னு கூப்பிடுவான். இவ சிரிச்சிக்கிட்டே குழம்பு ஊத்துவா. அதோட பேச்சு முடிஞ்சிடும்.

போன ஆனி மாசம், குண்டான்ல ஈயம் தேஞ்சு பித்தள தெரிய ஆரம்பிச்சிடுச்சு. சோத்துல ஒரு கசப்பு. ஈயம் பூசிட்டு வான்னா. ஈயம் மட்டும்தான் சொன்னா, அத நான் சொல்லிடணும்.

தேரடி பக்கத்துச் சந்துல ஒருத்தரு பூசுறாரு. முன்னாடியெல்லாம் போனா உடனே வேல முடியும். இப்ப செங்கம் ரோட்டுல காபி கட வச்சிருக்கவங்க பழய பித்தளயா கொண்டாந்து குவிக்கிறாங்க. அவருக்குத் தல நிமிர நேரம் இல்ல. அங்க ஒரு பையன், தலைமுடிய கொண்ட போட்டிருந்தான், எங் குண்டானப் பாத்துட்டு, "தாத்தா, இத குடுத்துடறீங்களா, கடையில செடி வைக்கலாம்"னான்.

"நான் சோறு இல்ல வடிக்கணும் இதுல"ன்னேன்.

"இன்னுமா இதுல வடிக்கிறீங்க"ன்னு அவன் அதப் போட்டோ புடிச்சிக்கிட்டான்.

ஈயம் பூசுறவரு குண்டான ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. "பெரியவரே, வாயும் நெளிஞ்சிருக்குதே. சூட்டோட சூடா எடுத்துடவா, சும்மாதான் செஞ்சு தரேன்"னாரு. எனக்கு சந்தோசமாயிடுச்சு. நான் நெளிச்சத நானே நேராக்கிக் கொண்டு போயிக் குடுத்தா அவ இன்னா சொல்லுவான்னு நெனச்சேன். எடுத்துடுங்கன்னுட்டேன். அவரு மரச் சுத்தியால தட்டித் தட்டி எடுத்தாரு. வேலன்னா வேல. கடையில புதுசா வாங்குன மாரி இருந்துச்சு.

வீட்ல அவ கையால தடவிப் பாத்தா. "வழவழன்னு இருக்குதேயா"ன்னா. சிரிச்சா. அவ அப்பிடி சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

ரெண்டு நாளு போச்சு. "வடிக்கிறப்ப தட்டு நிக்க மாட்டேங்குதுயா, வழுக்குது"ன்னா. "புது ஈயம், பழகிடும்"னேன். மூணாம் நாளு நான் தெருவுல கீர வாங்கிக்கிட்டு நிக்கிறேன், உள்ள ஒரு சத்தம். ஓடிப் பாத்தா குண்டான் கவுந்து கெடக்குது. கொதிக்கிற கஞ்சியும் சோறும் அவ எடது கையி மேலயும் கால் மேலயும். அவ அழுவல. "சோறெல்லாம் போச்சுயா"ன்னா.

ஆஸ்பத்திரியில மருந்து வச்சுக் கட்டுனாங்க. மவன் ஜீப்ப எங்கயோ நிறுத்திட்டு ஓடியாந்தான்.

"நைனா, இன்னும் எத்தினி நாளைக்கு இப்பிடி? கண்ணு தெரியாத பொம்பள, அடுப்புகிட்ட விட்டுட்டு நீ கீர வாங்குற"ன்னான்.

அவதான் சொன்னா. "எங் கையி சரியாதான்டா புடிச்சுது. கண்ணுதான் ஏமாத்திடுச்சு போல."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். ஆடி பொறக்கப் போவுது, ஆடியில வீடு மாறக்கூடாது. ஆவணி மொதல்ல வண்டி எடுத்தாந்துடறேன். அது வரைக்கும் நீ அடுப்புகிட்ட போவக்கூடாது."

அவ சரின்னுட்டா. இத்தன வருசமா சிரிச்சே மழுப்புனவ, ஒரே வார்த்தையில சரின்னுட்டா.

ஆடி மாசம் பூரா நான்தான் ஆக்குனேன். மருமவ குடுத்த குக்கரு ஒண்ணு இருந்துச்சு. விசிலு எண்ண ஆரம்பிப்பேன், வாசல்ல யாராச்சும் கூப்பிட்டா மறந்துடுவேன். ஒரு நாளு அரிசி, ஒரு நாளு கூழு. அவ ஒரு கொறயும் சொல்லாம சாப்பிட்டா, அதுதான் கஷ்டமா இருந்துச்சு. வாசப்படியில உக்காந்திருப்பா. முந்தானிய மடிப்பா, பிரிப்பா, மறுபடி மடிப்பா. பக்கத்து வீட்டுப் பொண்ண கூப்பிட்டு ஊறுகா ஜாடியக் குடுத்தா, முறுக்கு அச்சக் குடுத்தா. "குண்டான எடுத்துக்கலாம்யா. அங்க தண்ணி புடிச்சு வைக்க ஆவும்"னா.

எனக்கு உண்மையச் சொன்னா, ஆவணி எப்ப வரும்னு இருந்துச்சு. முதுகு போயிடுச்சு. குனிஞ்சா நிமிர முடியல. மவன் வீட்ல மோட்டார் போட்டா தண்ணி வரும். மருமவ நல்ல பொண்ணு, காப்பிய உக்காந்த எடத்துக்குக் கொண்டாருவா. அங்க போயி ஒரு ஃபேனுக்கு அடியில படுத்துக்கலாம்னு மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு.

ஆடி அமாவாச வந்துச்சு. அப்பா அம்மாவுக்குப் படையல் போடணும். குக்கரு சோத்த எலயில வைக்க எனக்கு மனசு வரல. குண்டான எடுத்து ஒல வச்சேன். வெந்ததும் தட்டு போட்டு, துணியப் புடிச்சி சாச்சேன். தட்டு கீழ் பக்கம் சர்ருன்னு நழுவுச்சு. நான் பின்னால குதிச்சேன், கஞ்சி அடுப்புல ஊத்திடுச்சு.

வாசல்ல இருந்து "இன்னா சத்தம்"னா.

"ஒண்ணுமில்ல, தட்டு வுழுந்துச்சு."

எங் கண்ணு நல்லாதான் இருக்குது. எனக்கும் நழுவுதே. மிச்ச சோத்த வேற பாத்திரத்துல போட்டு எலயில வச்சு சாமி கும்பிட்டேன். அப்புறம் குண்டான்ல பச்சத் தண்ணி ஊத்தி, தட்டு போட்டு சாச்சுப் பாத்தேன். மூணு தடவ பாத்தேன், மூணு தடவையும் நழுவுச்சு. அப்பத்தான் அவ வடிக்கிறது எங் கண்ணு முன்னால வந்துச்சு. தட்ட வச்சு ஒரு சுத்து சுத்துவா. ஒரு எடம் வந்ததும் நிறுத்தி அமுக்குவா. தட்டோட ஓரம் அந்த நெளிசலுக்கு அடியில போயி மாட்டிக்கும். அந்தப் பக்கத்த கீழ வச்சு சாய்ப்பா. நெளிசல்தான் தட்டப் புடிச்சிக்கிட்டு இருந்துச்சு. அவளுக்கே அது தெரியாது. கை தானா பண்ணிக்கிட்டு இருந்த வேல. நான் அத எடுத்துட்டேன்.

மறுநாளு, கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு, குண்டானப் பையில போட்டுக்கிட்டு அந்த ஈயம் பூசுறவருகிட்ட போனேன். பழயபடி நெளிச்சுக் குடுங்கன்னேன். அவரு என்ன ஒரு மாரி பாத்தாரு.

"நேரா பண்ணுறதுக்குத்தான் வருவாங்க. நீங்க நெளிக்கச் சொல்றீங்களே. ஒரே எடத்துல எத்தினி வாட்டி மடக்குறது பெரியவரே, வெடிச்சிடும். அப்புறம் செடிதான் வைக்கணும்"னாரு.

திரும்பி நடந்தே வந்தேன். ஆட்டோ புடிக்கத் தோணல. அவகிட்ட சொல்லணும்னு நெனச்சேன், சொல்லல. ஒரு நாளு இல்ல, பத்து நாளுக்கு மேல சொல்லல. அவ முந்தானிய மடிக்கிறதப் பாப்பேன், வாய் வரைக்கும் வரும், மோட்டார் தண்ணியும் ஃபேனும் ஞாபகத்துக்கு வரும், முழுங்கிடுவேன். சொன்னா மறுபடி இந்த அடுப்பு, இந்தத் தெருக் கொழா, இந்த விறகுக் கட்ட முதுகு. சொல்லலன்னா கண்ணு மேல பழியப் போட்டுட்டுப் போயிடலாம். கண்ணு வந்து சாட்சி சொல்லப் போறதில்ல.

ஆடி கடைசி ஞாயித்துக்கெழம மவன் வந்தான். எந்தெந்த சாமான ஏத்தணும்னு பாக்க. பீரோவ அளந்தான். அப்புறம் அம்மாகிட்ட போயி ஒக்காந்து, அவ கையிலிருந்த தழும்பத் தடவுனான்.

"அம்மா, அங்க நீ ஒரு வேலயும் செய்ய வேணாம். அடுப்பங்கர பக்கமே வர வேணாம்"னான். பாசமாதான் சொன்னான்.

அவ தலய ஆட்டுனா. "வர மாட்டேன்டா. எனக்கே பயமாயிடுச்சு. எங் கைய நானே நம்ப முடியல"ன்னா.

அதுக்கு மேல எனக்கு முழுங்க முடியல. "அவ கையில ஒண்ணும் இல்லடா, குண்டான்ல இருக்குது"ன்னேன். ஈயக்கட, நெளிசல், அமாவாச, தட்டு நழுவுனது, எல்லாத்தயும் சொன்னேன். மவன் நம்பல. குண்டான்ல தண்ணி ஊத்தி அவங் கையிலயே குடுத்து சாய்க்கச் சொன்னேன். அவன் பேண்ட்டு நனஞ்சு போச்சு.

"இது தெரிஞ்சு எத்தினி நாளாச்சு நைனா"ன்னான்.

"அமாவாசக்கே தெரியும்."

"வாயில இன்னா வச்சிருந்த?"

அவ குண்டானக் கேட்டு வாங்கி மடியில வச்சிக்கிட்டா. வெரலால வாயச் சுத்திச் சுத்தி வந்தா. ரொம்ப நேரம் அப்பிடியே தடவிக்கிட்டு இருந்தா. அப்புறம், "அப்ப கண்ணு இல்லயா"ன்னா.

"கண்ணும்தாம்மா. கண்ணு தெரிஞ்சிருந்தா தட்டு நழுவுறப்பவே பாத்திருப்ப"ன்னான் மவன். அவன் சொன்னதும் நெசந்தான்.

"தெரியாததோடதான்டா இத்தன நாளு வடிச்சேன்"னு சொல்லிட்டு, எம் பக்கமா திரும்புனா. எங்க நிக்கிறேன்னு சரியா தெரிஞ்சு திரும்புனா. "உனக்கு அங்க போவணும்னு ஆசயா இருந்துச்சா?"

"முதுகு வலிக்குதுமே"ன்னேன்.

அவ குண்டான மடியிலேருந்து எறக்கி வச்சா. திட்டியிருந்தா தேவலாம்.

மவன் கொஞ்ச நேரம் வாசல்ல போயி நின்னான். திரும்பி வந்து, "சரி, இங்கயே இருங்க. ஆக்குறது நீ ஆக்கும்மா. வடிக்கிறது நைனா வடிக்கட்டும். அதுல ஒரு நாளு தவறுனாலும் நான் வண்டியோட வந்துடுவேன்"னான். பீரோ அளந்த டேப்ப சுருட்டிப் பையில போட்டுக்கிட்டுப் போனான்.

இப்ப தெனமும் நான்தான் வடிக்கிறேன். தட்ட துணியால கட்டி, ரெண்டு கையாலயும் அமுக்கிப் புடிச்சி சாய்க்கிறேன். அவ எம் பின்னால நின்னுக்கிட்டு கஞ்சி வுழுற சத்தத்தக் கேப்பா. முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். போதும்னு நிமித்தப் போவேன்.

"இன்னும் சொட்டுது, எடுக்காத"ன்னுவா.

எடுக்க மாட்டேன். அவ சொல்றவரைக்கும் புடிச்சிக்கிட்டே நிப்பேன்.