வலைக்கு எதிராக நான் செய்த ஜெபம்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், என்னிடம் வேலை பார்த்த முருகேசன் கூரையிலிருந்து விழுந்து இறந்துபோனான். அதற்குக் காரணம் நான்.

கர்த்தருக்குள் பிரியமானவர்களே, என் பெயர் தங்கதுரை. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். இந்தப் படப்பைச் சபைக்கு ஆறு வருஷமாக வருகிறேன். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனி ஷெட்டுகளுக்குத் தகரக் கூரை போடுவது என் தொழில். கூரைமேல் கயிறு கட்டியிருப்பார்கள். நம் பெல்ட்டின் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். நகர நகரக் கழற்றி மாட்டினால் வேலை ஓடாது என்று, கொக்கியை எங்கள் சொந்த பெல்ட்டிலேயே மாட்டிக்கொள்வோம். கீழேயிருந்து பார்க்கிற சூப்பர்வைசருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். முருகேசனுக்கு இந்தத் தில்லுமுல்லைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அவனைத் தூக்கியபோது பெல்ட் இருந்தது, கொக்கியும் மாட்டியிருந்தது. அவன் பெல்ட்டிலேயே.

"கவனமில்லாமல் விழுந்துவிட்டான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டினேன். அப்புறம் சோறு இறங்கவில்லை. "ஆண்டவரே, இனி என் ஆட்களில் ஒருத்தன்கூடச் சாகக் கூடாது" என்று கதறினேன். தினமும் ஏணியடியில் நாங்கள் ஒன்பது பேரும் வட்டமாக நின்று, கண்ணை மூடி ஜெபித்தோம். ஆமென் சொல்லிவிட்டு ஏறினோம். கொக்கி மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது. ஜெபத்தைக் கூட்டினேனே தவிர பழக்கத்தை விடவில்லை. என்ன மடத்தனம்!

போன தை மாதம் ஒரு பழைய ஷெட்டுக்குக் கூரை மாற்றப் போனோம். அங்கே பாதுகாப்பு அதிகாரி ரேவதி என்கிற பெண், பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரி.

"அண்ணா, கூரைக்கு அடியில மொதல்ல வலை கட்டுங்க. அப்பால ஏறலாம்" என்றாள்.

"ஏம்மா, நாங்க கூரை போட வந்தமா, மீன் பிடிக்க வந்தமா?" என்றேன். என் ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க இன்னா வேணா சொல்லிக்கோங்க. வலை இல்லாம ஒருத்தரையும் ஏற வுட மாட்டேன்."

மூன்று நாள் வலை மட்டுமே கட்டினோம். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இதே சபையில் ஒரு விண்ணப்பச் சீட்டு கொடுத்தேன்: "வேலைக்குத் தடையாக இருக்கும் ஒரு பெண் வேறு இடத்துக்கு மாற்றலாகிப் போக வேண்டும்." சிரிக்காதீர்கள், நீங்களும் சேர்ந்துதான் ஜெபித்தீர்கள்.

புதன்கிழமை டீ வந்துவிட்டதென்று என் மைத்துனன் ஜெபராஜ் கூரைமேல் வேகமாக நடந்தான். வெளிச்சத்துக்காகத் தகரத்துக்கு நடுவே பிளாஸ்டிக் தகடு பதித்திருப்பார்கள். வருஷக்கணக்கில் தூசி படிந்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், மிதித்தால் பிளாஸ்டிக் உடைந்துவிடும். படாரென்று சத்தம். திரும்பினேன். ஆளைக் காணோம். ஓட்டைதான் இருந்தது.

"ஏல ஜெபா!" என்று அலறினேன். எட்டிப் பார்க்கத் தைரியமில்லை. இயேசுவே என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

கீழேயிருந்து ரேவதியின் குரல் வந்தது. "அண்ணா, வலையிலதான் கீறாரு! பேசறாரு! யாரும் ஓடாதீங்க, அங்கங்கயே நில்லுங்க!"

தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன். ஜெபராஜ் மல்லாந்து கிடந்தான். "அத்தான், அக்காட்ட மட்டும் சொல்லிராதிய" என்றான். அவன் கொக்கி அவன் பெல்ட்டிலேயே இருந்தது. எங்கள் எல்லோருடையதும் அப்படித்தான் இருந்தது.

நான் அங்கேயே அழுதேன். கர்த்தர் என் கதறலைக் கேட்டு ஒரு பெண்ணை அனுப்பியிருக்கிறார். நானோ அவளை விரட்டச் சொல்லி அவரிடமே மனு கொடுத்திருக்கிறேன். நல்லவேளை, அந்தச் சீட்டை அவர் கண்டுகொள்ளவில்லை. ஸ்தோத்திரம்!

இறங்கி வந்து ரேவதியிடம் கொக்கி விஷயத்தையும் சீட்டு விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். "அடப்பாவி அண்ணா, என் வேலைக்கே உலை வெச்சீங்களா?" என்று சிரித்தாள். "போங்க, மொதல்ல கொக்கிய கயித்துல மாட்டுங்க."

இப்போது நாங்கள் கூரைமேல் ஏறி, கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபிக்கிறோம். கயிற்றில் மாட்டிய கொக்கியைப் பக்கத்து ஆள் இழுத்துப் பார்ப்பான். அப்புறம்தான் ஆமென். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. போகட்டும்.

போன மாதம் முருகேசன் மனைவியைத் தேடிப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அடிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ, "கவனமில்லாம எங்கள வுட்டுட்டுப் போயிட்டியேன்னு தெனமும் அவரத்தான் திட்டிக்கினு இருந்தேன்" என்று சொல்லி, அவன் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்து அழுதாள்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் உயரத்தில் வேலை பார்க்கிறவர்கள் இருப்பார்கள். நம்பி ஜெபியுங்கள், அவர் கேட்கிறார். ஆனால் பதில் வந்து ஏணியடியில் நின்று உங்களைத் தடுக்கும்போது, தயவுசெய்து அதோடு சண்டைக்குப் போகாதீர்கள்.