நான் பிடுங்கிய புல்

களை எடுப்பதில் என்னை மிஞ்ச எங்கள் எஸ்டேட்டில் ஆள் கிடையாது. தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் போன வரிசையில் காப்பிச் செடிக்கடியில் ஒரு புல் மிஞ்சியிருக்காது. குறை சொல்லவே பிறந்த கங்காணிகூட என் வரிசைக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு போவார். அந்தக் கைதான் ஒருநாள் என் மானத்தை வாங்கியது.

எஸ்டேட்டுக்கு மேலே, மலைக்காரர்களின் ஊரான செம்மநத்தம் போகும் வழியில் ஒரு மொட்டைச் சரிவு இருந்தது. அதிலிருந்த மரங்களை வெட்டி விறகாக்கியது எங்கள் எஸ்டேட். மிச்சமிருந்த புல்லை மலைக்காரர்களின் மாடுகள் மேய்ந்தன. மழை பெய்தால் செம்மண் கரைந்து ஓடையில் இறங்கி, காப்பிப் பழம் கழுவும் தொட்டியைக் குழம்பாக்கிவிடும். துரைக்குக் கோபம் வந்தது. மாட்டின் மேல் மட்டும் வந்தது, கோடாலியின் மேல் வரவில்லை. வரும் மழைக்காலத்தில் மண் ஓடுவது நிற்காவிட்டால் சரிவுக்கு வேலி போட்டுவிடுவேன் என்று எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரிடம் மலைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்.

மலைக்காரர்களுக்கு வேறு மேய்ச்சல் இல்லை. அவர்களில் ஒரு அக்கா எனக்குப் பழக்கம். புருஷன் இல்லாதவர், இரண்டு பசுக்களை வைத்துப் பிழைத்தார். எனக்குத் தாய்ப்பால் போதாமல் பிள்ளை அழுதபோது கேட்காமலே பால் கொண்டுவந்து கொடுத்தவர். வேலி வந்தால் அந்தப் பசுக்களை அவர் விற்றுவிட வேண்டியதுதான்.

மலைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கோடை முழுக்கச் சரிவில் மாட்டுப்பட்டி போட்டு, சில நாளைக்கொரு தடவை இடம் மாற்றினார்கள். சாணி விழுந்து, குளம்பு பட்டு, மண் இளகியது. மாடு ஏறமுடியாத பாறை இடுக்குகளிலிருந்து உருவி வைத்திருந்த புல்விதையை அந்த மண்ணில் தூவினார்கள். நடுவில் நாவல் கன்றுகள் வைத்தார்கள். பிறகு மாடுகளைக் கொட்டிலில் கட்டி, தழை ஒடித்துப் போட்டார்கள். இதில் அப்போது எனக்குத் தெரிந்தது நாவல் கன்று வைத்தது மட்டும்தான்.

முதல் மழை பெய்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, அக்காவுக்கு உதவலாம் என்று நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கன்றுகளைச் சுற்றி எங்கே பார்த்தாலும் புல் முளைத்திருந்தது. மத்தியானத்துக்குள் பாதிச் சரிவை வழித்துவிட்டோம். கூழ்ச்சட்டியோடு வந்த அக்கா அப்படியே நின்றார்.

"ஒரு வேர்கூட விடலீங்க அக்கா," என்றேன் பெருமையாக.

அவர் உட்கார்ந்து, பிடுங்கிப் போட்டதில் ஒரு பிடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "இது களை இல்லீங்க அம்மிணி. நாங்க வெதைச்ச புல்லுங்க."

"புல்லைப் போய் யாருங்க வெதைப்பாங்க? மொதல்லயே ஒரு வார்த்தை சொன்னா என்னங்க?" என்று பாய்ந்தேன். தப்பு செய்தால் எனக்கு முதலில் வருவது கோபம். அவர் மடியைப் பார்த்த பிறகுதான், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. பிடுங்கிய முளைகளின் வேரில் ஈரமண் இன்னும் ஒட்டியிருந்தது. எங்களில் யார் மலைக்குக் கீழே எங்கள் ஊர் வயல்களில் நாற்று நடாமல் வளர்ந்தோம்? முளைகளைச் சிறு சிறு முடியாகக் கட்டி, சேலையைத் தூக்கிச் செருகி, குனிந்து வரிசை பிடித்தோம். வயலில் பின்னாலேயே நகர்ந்து நட்ட பழக்கம். சரிவில் கால் வழுக்கி இரண்டு முறை பொத்தென்று உட்கார்ந்தேன். அப்போதுதான் அக்கா சிரித்தார். அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து போய் நட்டோம். முக்கால்வாசி பிழைத்தது.

மழைக்காலம் முடிந்ததும் துரை பார்க்க வந்தார். ஓடை தெளிந்து ஓடியது. மற்ற இடத்தில் புல் அதன் இஷ்டத்துக்கு முளைத்திருக்க, நாங்கள் நட்ட இடத்தில் மட்டும் வரிசை வரிசையாக நின்றது. துரைமாருக்கு வரிசை என்றால் போதுமே, முகம் மலர்ந்தது. இதை நட்டது யார் என்று ரைட்டரைக் கேட்கச் சொன்னார். கூட வந்து நின்ற நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அக்கா என் பக்கம் கை காட்டினார். "இந்த அம்மிணிதானுங்க. நொம்ப நல்ல கைங்க."

வேலி வேண்டாம், விதை உதிர்ந்த பிறகு மாடு விடலாம் என்று சொல்லிவிட்டுத் துரை போனார். இறங்கும் வழியெல்லாம் எனக்கு அழுகை நிற்கவில்லை.

"நாந்தான் புடுங்கினேன்னு ஏனுங்க சொல்லலை?" என்று கூட இறங்கி வந்த அக்காவிடம் கேட்டேன்.

"நட்டது யாருன்னுதானுங்க அம்மிணி கேட்டாரு," என்றார் அக்கா.